நாற்பது தாளிலும் ஒரே பதில்

"அஞ்சு மணிச் சங்கு ஊதறதுக்குள்ள உங்க ராஜினாமா கைக்கு வந்தாகணும் டாக்டரம்மா. இல்லேன்னா நான் போலீசுக்கு எழுதுவேன்."

சொல்லிவிட்டு மேனேஜர் வைத்திலிங்கம் ஒரு கோலி சோடாவை அமுக்கி உடைத்தார். பகல் பதினொன்றரை மணிக்கு அது அவருக்கு மூன்றாவது சோடா. காலியான இரண்டு பாட்டில்கள் மேஜைமேல் ஈரவட்டம் போட்டு நின்றன.

டாக்டர் கஸ்தூரியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். வயது இருபத்தெட்டு. நெய்வேலியில் புதுப் புது பிளாக்குகளாக குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்த பூமிநாதன் கம்பெனியின் டிஸ்பென்சரிக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

"விஷயத்தை எனக்கும் சொல்லுங்க" என்றார் சக்கரபாணி. டாக்டர் கூட்டிக்கொண்டு வந்த துப்பறிபவர் அவர்தான். மாடியேறி வந்த பன்னிரண்டு படிக்கும் பன்னிரண்டு முறை முனகியிருந்தார். அவருக்கு முழங்கால் வலி.

"டோக்கன் நம்பர் நானூத்திப் பதினேழு. கண்ணையன்னு பேரு. முட்டி வலின்னு போனவனுக்கு இந்தம்மா ஒரு மாத்திரை குடுத்திருக்கு. முந்தாநாள் சிமென்ட் மூட்டையோட சாரத்துல ஏறினவன் ரத்த வாந்தி எடுத்துச் சாஞ்சிட்டான். பெரியாஸ்பத்திரியில கெடக்கான். வயித்துப் புண்ணுக்காரனுக்கு அந்த மாத்திரை ஆகாதாம். இந்தம்மா ஒரு வார்த்தை கேக்காம குடுத்திருக்கு."

"கேட்டேன் சார். எழுதியும் வெச்சிருக்கேன்."

"அவன் விழுந்தப்புறம் எழுதியிருப்பீங்க."

டாக்டரின் முகம் சிவந்தது. சக்கரபாணி எழுந்தார், அதாவது எழ முயன்றார். மேஜையின் விளிம்பை ஒரு கையால் பிடித்து, தொடையை இன்னொரு கையால் அழுத்தி, பாதியில் ஒரு இடைவேளை விட்டு எழுந்தார். மேனேஜரோ எங்களை முந்திக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கிப் போனார்.

சக்கரபாணி அந்தக் கால்களைப் பொறாமையோடு பார்த்தார். "என்ன வயசு உங்க அய்யாவுக்கு?"

பியூன் குழந்தைவேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காலி பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். "அம்பத்தி நாலுங்க. போன மாசம் வரைக்கும் நானும் டிரைவரும் கைத்தாங்கலாத்தான் ஏத்தி வுடுவோம். இப்ப பறக்குறாருங்க."

"என்ன மருந்து?"

"யோகாசனமாம்ங்க." பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், ஒரே வீச்சில் எழுந்து போனான்.

"துரை, நாளையிலேருந்து நாமளும் ஆசனம் பண்றோம்" என்றார் என்னிடம்.

"மொதல்ல சைக்கிள்ல பின்சீட் ஆசனம் போடுங்க சார். நான் மிதிக்கேன்."

நான் சின்னதுரை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெர்மனென்ட் வேலை தேடி நெய்வேலிக்கு வந்து எட்டு மாதம். அம்மாவுக்கு எழுதும் கடிதங்களில் 'ஆபீஸ் உத்தியோகம்' என்று எழுதுகிறேன். ஆபீஸ் என்பது சக்கரபாணி சாருடைய சைக்கிள். உத்தியோகம் அவரைப் பின்னால் உட்காரவைத்து மிதிப்பது. அவர் ஒரு நூல் மில்லில் பதினெட்டு வருஷம் திருட்டுக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "அலுத்துப் போச்சு" என்பார்.

*

டிஸ்பென்சரி என்பது இரண்டு அறை, ஒரு வராந்தா, ஒரு நீள பெஞ்சு. வாசலில் கண்ணையனின் மனைவி ஆதிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது.

"ஆறு வருசமா வயித்தப் புடிச்சிக்கினு உருள்ற மனுசன்ங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?"

"கேட்டேம்மா. இல்லேன்னு சொன்னாரு."

"வூட்டுக்கு வந்து, எல்லாத்தையும் டாக்டரம்மா கிட்ட சொல்லிட்டேன் புள்ளன்னாரே. அப்ப எம் புருசன் பொய் சொல்றாருங்களா?"

ஆதிலட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள். ரத்தம் கொடுக்க யாராவது அகப்படுகிறார்களா என்று பார்க்க வேண்டுமாம்.

உள்ளே போனதும் டாக்டர் ஒரு கட்டுத் தாளை மேஜைமேல் போட்டார்.

"பினைல்பூட்டசோன்னு பேரு. மூட்டு வீக்கத்துக்கு நல்ல மருந்து, கெட்ட மருந்தும் கூட. வீக்கத்தை அடக்கும். ஆனா வயித்துல புண் இருந்தா கிளறி விட்டுடும். இருதயம் சரியில்லாதவங்களுக்கு உடம்புல நீர் கோத்துக்கும். சில பேருக்கு ரத்தத்தையே கெடுத்துடும். அதனாலதான் அஞ்சு கேள்வி டைப் அடிச்சு வெச்சேன். அஞ்சும் கேக்காம யாருக்கும் ஒரு மாத்திரை குடுத்ததில்லை."

தாளைப் படித்தேன். வயிற்றில் புண் உண்டா? மலம் கறுப்பாகப் போனதுண்டா? கால் வீக்கம், மூச்சிரைப்பு உண்டா? வேறு வலி மாத்திரை சாப்பிடுகிறாரா? சமீபத்தில் தொண்டைப் புண்ணோ காய்ச்சலோ வந்ததா? கண்ணையன் தாளில் ஐந்துக்கும் 'இல்லை' என்று இருந்தது. கீழே டாக்டரின் கையெழுத்து: 'சாப்பிட்ட பிறகே போட வேண்டும். ஏழு நாள் மட்டும். தொண்டை நோவு வந்தால் நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும்.'

"இதுக்கு மேல நான் என்ன பண்ணணும் சார்?" என்றார் டாக்டர். "ராத்திரியெல்லாம் யோசிச்சேன். கேட்டேனா, கேக்கலையா? இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

"எத்தனை பேருக்குக் குடுத்தீங்க?"

"நாற்பது. மொத மாசத்துக்கப்புறம் முட்டி வலின்னு வந்த ஒருத்தரையும் திருப்பி அனுப்ப வேண்டி வரலை."

சக்கரபாணி நாற்பது தாளையும் வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அசடு வழியக் கேட்டார். "அந்த மாத்திரை, எனக்கு ஒரு ரெண்டு…"

"மொதல்ல கேஸ் சார்" என்று அவரை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

*

மூன்று மணி நேரம் அலைந்தோம். செம்மண் புழுதி, தலைக்கு மேல் வெயில், தூரத்தில் சுரங்கத்தின் ஓயாத இரைச்சல். பாதி எழும்பிய சுவர்களுக்கு நடுவே சைக்கிளை உருட்டி உருட்டி, தாளில் இருந்த பெயர்களை ஒவ்வொருவராகத் தேடினோம்.

செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம். "டாக்டரம்மா உன்னைக் கேள்வி கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"கேக்கவே இல்லையா?"

"கேட்டாங்க. இல்லீங்கன்னு சொன்னேன்."

"வயித்து வலி உண்டா?"

"இல்லீங்க."

அடுத்தவர் பெரியவர், சாந்து குழைப்பவர். வயிற்று வலியா என்று நான் முடிப்பதற்குள்ளேயே "இல்லீங்க" வந்துவிட்டது. சொல்லிக்கொண்டே வேட்டி மடிப்பிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, வெள்ளைத் தூளை ஒரு சிட்டிகை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"அது என்ன பெரியவரே?"

"சோடா உப்புங்க."

"எதுக்கு?"

"சும்மாங்க." ஒரு ஏப்பம் விட்டார். அந்த ஏப்பம் மட்டும்தான் அன்று எங்களிடம் உண்மை பேசியது.

பத்தாவது ஆளுக்குப் பிறகு சக்கரபாணி ஒரு ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். மடியிலிருந்து மூக்குப்பொடி டப்பாவை எடுத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். யோசிக்கும்போது அப்படித்தான். தும்மினதை மட்டும் நான் பார்த்ததில்லை.

"எரிச்சலா வருது துரை. கல்லுல முட்டிக்கிட்டாலும் ஒரு சத்தம் வரும். இங்க அதுவும் இல்லை."

"அதையும் 'இல்லீங்க'ன்னுட்டீங்க பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. நாற்பது தாளையும் எடுத்து முழங்கால்மேல் விரித்தார். "நாற்பது பேரு. ஆளுக்கு அஞ்சு. இருநூறு கேள்வி. எத்தனை 'ஆமாம்' இருக்குன்னு பாரு."

பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். "ஒண்ணுகூட இல்ல சார்."

"விடிஞ்சா பழைய சோறும் பச்சை மிளகாயும். நாளெல்லாம் பட்டினி. நாற்பது பேருல ஒருத்தனுக்குக்கூட வயிறு எரியலையாம், ஒருத்திக்குக்கூட காய்ச்சல் வரலையாம். இவ்வளவு ஆரோக்கியமானவங்க எதுக்கு டிஸ்பென்சரிக்கு வர்றாங்க?" தாள்களை மடித்தார். "இது நாற்பது பதில் இல்லை. ஒரே பதில். யாரோ மனப்பாடம் பண்ண வெச்சிருக்காங்க. துரை, சட்டையக் கழட்டு."

"எதுக்கு சார்?"

"பனியனோட, தலையில துண்டு கட்டிக்கிட்டு, கொஞ்சம் மண்ணைப் பூசிக்கிட்டு நொண்டு. நீ புது ஆள். உனக்கு முட்டி வலி."

"சைக்கிள் மிதிச்சு மிதிச்சு நெசமாவே வலிக்கி சார்."

"பிரமாதம். அப்ப நடிக்க வேண்டியதில்லை."

*

வராந்தா பெஞ்சில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். நொண்டிக்கொண்டு போய் ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் செங்கல் சுமக்கும் ராஜாம்பாள். நாற்பது வயதிருக்கும். தலையில் சும்மாடு வைத்த தழும்பு முடியை இரண்டாகப் பிரித்திருந்தது.

"புச்சா வந்தியா தம்பி?"

"ஆமாக்கா. இன்னைக்குத்தான். முட்டி வலி உசுரு போவுது. நல்ல மாத்திரை தருவாங்களாமே?"

"தருவாங்க. ஆனா பரீட்சை வெப்பாங்க." குரலைத் தணித்துக்கொண்டாள். "அஞ்சு கேள்வி. முட்டி வலிக்கிதான்னா மட்டும் ஆமான்னு சொல்லு. அதுக்கப்புறம் இன்னா கேட்டாலும் இல்லீங்கதான்."

"எனக்கு வயிறு கொஞ்சம் எரியும்க்கா. அதைச் சொல்ல வேண்டாமா?"

பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ராஜாம்பாள் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"பேமானி, வாயத் தொறந்துடாத! நீலச் சீட்டு வந்துடும்."

"அது என்ன சீட்டு?"

"ஆமான்னு சொன்னா டாக்டரம்மா நீலச் சீட்டு எழுதும். அது நேரா ஆபீசுக்குப் போவும். மறுநாள் உன் டோக்கன் பலகையில இருக்காது."

"அந்தம்மா கெட்டவங்களாக்கா?"

"சேச்சே, தங்கமான பொண்ணு. சூடு ஆறாத கஞ்சியக் குடிக்காதன்னுகூட சொல்லும். ஆனா சீட்டு எழுதும். சாமிக்கண்ணுன்னு ஒருத்தரு, மொத மாசமே வயித்துப் புண்ணு இருக்குன்னு நெசத்தச் சொன்னாரு. மூணாம் நாளு கொட்டாயப் பிரிச்சிக்கினு போவச் சொல்லிட்டாங்க. இங்கதான் சொரங்கத்துக்குத் தோண்டிப் போட்ட ஊருல அவருக்கு வூடு இருந்துச்சு. இப்ப மேல்பட்டாம்பாக்கம் பக்கம் எங்கயோ கரும்பு வெட்டப் போறாராம். அதே மாதிரி இன்னும் ரெண்டு பேரு."

"கண்ணையன் அண்ணனும் இல்லைன்னுதான் சொன்னாரா?"

அவள் சற்று நேரம் தன் காலைப் பார்த்தாள். "நாந்தான் சொல்லிக் குடுத்தேன் தம்பி. வூட்ல பொஞ்சாதி பயப்படும்னு, எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு வேற சொல்லியிருக்காரு. நாங்க அல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கினு திரியிறோம்." சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனுக்கும் அந்தக் கறுப்பு ஒரு நாளு போச்சு. யார் கிட்டயும் சொல்லாத."

நொண்ட மறந்து எழுந்து நடந்தேன். பெஞ்சு முழுக்க என் காலைப் பார்த்தது.

*

சொன்னதைக் கேட்டதும் சக்கரபாணி டாக்டரின் மேஜையிலிருந்த நீலச் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். மூன்று தாள் மட்டும் கிழிபட்டிருந்தது.

"இதுல என்னம்மா எழுதுவீங்க?"

"'கடினமான வேலை கூடாது, லைட் டியூட்டி தரவும்'னு. மாத்திரை குடுக்க முடியாதவங்க மூட்டை தூக்கினா முட்டி இன்னும் கெடும் இல்லையா? மூணு பேருக்குத்தான் எழுதினேன், மொத மாசம். அதுக்கப்புறம் அவங்க திரும்பி வரவே இல்லை." சற்றுத் தயங்கினார். "வலி கொறஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்."

"இந்தக் கம்பெனியில லைட் டியூட்டின்னு ஒரு வேலையே கிடையாதும்மா. இருக்கிறது மூட்டை, செங்கல், சாந்து. அதைச் செய்ய முடியாதுன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்க. அவங்க கேட்டை மூடினாங்க."

டாக்டர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"நீங்க கேட்டீங்க, அதுல சந்தேகமே இல்லை" என்றார் சக்கரபாணி. "ஆனா நீங்க கேட்டது வயித்தைப் பத்தி. அவங்களுக்கு விளங்கினது, வேலை வேணுமா வேணாமான்னு."

திடீரென்று டாக்டர் எழுந்தார். "நாற்பது பேரு சார்! இந்த நிமிஷம் யார் யாருக்கு உள்ள புண் இருக்கோ! எல்லாரையும் கூப்பிடணும்."

"கூப்பிட்டா இன்னொரு தடவை நாற்பது 'இல்லீங்க' வரும்" என்றேன் நான்.

"சீட்டுக்கு அர்த்தம் மாறாத வரைக்கும் பதிலும் மாறாது" என்றார் சக்கரபாணி. "அதை மாத்தறவரு மாடியில சோடா குடிச்சிட்டிருக்காரு." ஒரு தாளை மட்டும் உருவினார். "இது என்னம்மா? பன்னெண்டாம் நம்பர். இவனுக்கு மட்டும் மூணு வாரம் குடுத்திருக்கீங்க."

"அவனுக்கு ரெண்டு முட்டியும் ரொம்ப மோசம். லேசா அமுக்கினாலே அலறுவான். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் குடுத்தேன், போகலை. கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். மூணாவது வாரம் குடுத்தது என் தப்புதான்."

தாளில் பெயரைப் பார்த்தேன். குழந்தைவேல், பியூன்.

சக்கரபாணியின் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக வெளிச்சம் வந்தது. அதே சமயம் ஐந்து மணிச் சங்கு ஊதியது.

*

மேனேஜர் தானே இறங்கி வந்தார். கையில் வெள்ளைத்தாள், பேனா. பின்னால் சோடாவோடு குழந்தைவேல்.

"எழுதுங்க."

"அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்" என்றார் சக்கரபாணி. "குழந்தைவேல், அந்த பாட்டிலைக் கீழ வை. குத்துக்காலிட்டு உக்காரு."

உட்கார்ந்தான்.

"எந்திரி."

எழுந்தான்.

"இன்னொரு தடவை."

இரண்டாவது தடவை எழும்போதுதான் அவனுக்கு டாக்டரின் ஞாபகம் வந்தது. சட்டென்று முட்டியைப் பிடித்துக்கொண்டு "அய்யய்யோ" என்றான்.

"லேட்டாயிட்டு அண்ணே" என்றேன்.

"முட்டி வலிக்காரன் எப்படி எந்திரிப்பான்னு எனக்குத் தெரியும். தினம் இருபது தடவை எந்திரிக்கிறேன்" என்றார் சக்கரபாணி. "உனக்கு ஒரு வலியும் இல்லை. அப்புறம் எப்படிடா டாக்டரம்மா அமுக்கினா அப்படிக் கத்தினே?"

குழந்தைவேல் தலையைச் சொறிந்தான். "ஊர்ல கூத்து கட்டுவேங்க. துரியோதனன் தொடை ஒடையிற கட்டம் நம்மளுதுதாங்க."

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜருக்கு வரவில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு வாரம் வாங்கின மாத்திரை எங்க போச்சு? போன மாசம் படியேற ரெண்டு பேரு தாங்கணும். இந்த மாசம் பறக்கிறவரு யாரு?" சக்கரபாணி மேனேஜர் பக்கம் திரும்பினார். "யோகாசனம் பண்றவருக்கு உச்சிப்பொழுதுக்கு முன்னாடி மூணு சோடா எதுக்கு சார்?"

"உளறாதீங்க!"

ஆனால் டாக்டர் கஸ்தூரியம்மாள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டிருந்தார். ராஜினாமா, போலீஸ், எல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தன. இன்னொரு கையால் மேனேஜரின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது.

"நாடி ரொம்ப வேகமா ஓடுது. சார், மலம் கறுப்பா போவுதா?"

"இல்லை."

நாற்பத்தொன்றாவது பதில். கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது.

"போவுதுங்க" என்றான் குழந்தைவேல்.

எல்லோரும் அவனைப் பார்த்தோம்.

"எனுக்கில்லீங்க, அய்யாவுக்கு. ரெண்டு நாளா. தண்ணி மொண்டு வெக்கிறவன் நான்தானுங்களே. நேத்து வூட்டுப் படியில தலை சுத்தி குந்திட்டாரு."

மேனேஜர் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவு நேரம் நிமிர்த்தி வைத்திருந்த தோள்கள் இறங்கின.

"நீங்களே ஏன் என்கிட்ட வரலை?" டாக்டர் அழாத குறையாகக் கேட்டார். "நான் கேட்ட கேள்வியெல்லாம் இவன் வயித்துக்கு சார். மாத்திரை போனது உங்க வயித்துக்கு!"

"என் பேருல தாள் எழுதினா மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு ஒரு காப்பி போகும். இன்னும் ஒரு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு. உடம்பு முடியாதவன்னு தெரிஞ்சா…" அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"சாமிக்கண்ணுவும் அதுக்குத்தான் பயந்திருக்கணும். பயப்படாம நெசத்தச் சொல்லிட்டான்" என்றார் சக்கரபாணி.

"அது வேற, இது வேற."

"வயிறு ஒண்ணுதான் சார்" என்றார் டாக்டர். "மாத்திரையை இப்பவே நிறுத்துங்க. நீங்க உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். குழந்தைவேல், ஜீப்பைக் கூப்பிடு."

அவன் ஓடினான். சற்றும் நொண்டாமல்.

"ஜீப் வர அஞ்சு நிமிஷம் ஆகும்" என்று சக்கரபாணி வெள்ளைத்தாளை மேனேஜர் பக்கம் நகர்த்தினார். "பேப்பர் சும்மாத்தான் இருக்கு."

மேனேஜர் டாக்டரைப் பார்த்தார். "எனக்கும் அந்த நீலச் சீட்டு எழுதுவீங்களா?"

"எழுதித்தான் ஆகணும். அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் பேனாவைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எரிச்சலோடு, ஒரு எழுத்துக்கு ஒரு முறை எங்களை முறைத்துக்கொண்டு எழுதினார். நீலச் சீட்டு பெற்றவரை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது, ஸ்டோரிலோ தண்ணீர்ப் பந்தலிலோ காவலிலோ வேலை தர வேண்டும், கொட்டகையைக் காலி செய்யச் சொல்லக் கூடாது, முன்பு நிறுத்தப்பட்ட மூவரையும் திரும்ப எடுக்க வேண்டும். கடைசி வரி சக்கரபாணி சொல்லச் சொல்ல எழுதியது. கீழே கையெழுத்து.

"ராஜினாமா?" என்றார் பழக்க தோஷத்தில்.

"பேப்பர் தீர்ந்து போச்சு சார்" என்றேன்.

*

அந்தத் தாளை நான்தான் வராந்தாவில் உரக்கப் படித்தேன். ஒருவரும் நம்பவில்லை. ராஜாம்பாள் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

டாக்டர் தாளும் பேனாவும் இல்லாமல் வெளியே வந்து பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்தார். "மடியில சோடா உப்பு வெச்சிருக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்று மட்டும் கேட்டார்.

ஒருவரும் தூக்கவில்லை. நாசமாய்ப் போக, எல்லாம் வீண் என்று நினைத்தேன். அப்புறம் ராஜாம்பாள் கை மேலே போனது. அவளுக்குப் பின்னால் அந்தச் சாந்து குழைக்கும் பெரியவர். சேதி பரவிக் கொட்டகைகளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இருட்டுவதற்குள் பதினொரு பேரின் மாத்திரைப் பொட்டலங்கள் டாக்டரின் மேஜையில் சேர்ந்துவிட்டன. ராஜாம்பாளை அடுத்த நடையில் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர்.

மேனேஜரை விட்டுவிட்டு ஜீப் திரும்பி வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்துச் சொன்னான்:

"கண்ணையன் கண்ண முழிச்சிட்டாரும்மா. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்காங்க. ஆதிலட்சுமிதான் பக்கத்துல குந்தியிருக்கு. முழிச்சதும் அது கிட்ட கேட்ட மொத வார்த்தையே, 'சீட்டு எழுதிட்டாங்களா'ன்னுதானாம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு நீலச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, முதல் சீட்டில் நானூற்றுப் பதினேழு என்று எழுதினார்.

பெஞ்சு காலியானதும் சக்கரபாணி அதில் போய் உட்கார்ந்தார். நாள் முழுக்கக் காத்திருந்தவரின் முகம். "டாக்டரம்மா, இப்ப எனக்கு அந்த மாத்திரை. ஒரு வாரத்துக்கு. சாப்பிட்டப்புறம் போடறேன்."

"சரி சார். வயித்துல புண்—"

"இல்லீங்க."

டாக்டரின் கை அப்படியே நின்றது. நான் சக்கரபாணியின் மடியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு முனகிக்கொண்டே மூக்குப்பொடி டப்பாவை எடுத்து டாக்டரின் உள்ளங்கையில் வைத்தார். திறந்தால் உள்ளே வெள்ளைத் தூள்.

"நாலு வருஷமா எரியுது" என்றார் தரையைப் பார்த்து. "மில்லுல எனக்கும் ஒரு டாக்டர் எழுதினாரு. லைட் டியூட்டின்னு. மறுநாள் என் நாற்காலியில வேற ஆள்."

"அலுத்துப் போய் விட்டேன்னு சொன்னீங்களே சார்?"

"அலுத்துத்தான் போச்சு துரை. அதுக்கப்புறம்."

டாக்டர் ஒன்றும் எழுதவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு தைலப் புட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

வழி நெடுக அதைத் திறந்து முகர்ந்து பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தார். நாற்பத்தோரு பேரைக் காப்பாற்றியவனுக்குக் கிடைத்தது நாத்தம் பிடித்த எண்ணெய் என்று. முதல் மேட்டில் நான் மூச்சு வாங்கியபோது, சைக்கிளை நிறுத்தச் சொன்னார். முனகிக்கொண்டே இறங்கினார்.

"நான் நடக்கிறேன். நீ உருட்டிக்கிட்டு வா. உனக்கும் முட்டி வலின்னு சொன்னே இல்ல?"

"இல்லீங்க சார்" என்று வாய் திறந்தேன். அவர் பார்த்த பார்வையில், "ஆமா சார்" என்றேன்.